சுண்ணாம்பு டப்பா

வார்டுக் கதவைத் திறந்ததும் இடது கைப்பக்கம் எடை மெஷின் இருக்கிறது. டயாலிசிஸுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் செருப்பைக் கழற்றி, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, சட்டைப் பையில் உள்ள செல்போனையும் சில்லறையையும் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு அதன் மேல் ஏறுவார். ஏறியதும் எண்ணைப் பார்க்க மாட்டார். டெக்னீஷியன் முகத்தைத்தான் பார்ப்பார். தருமபுரி மாவட்டத்தில் ஒரு டயாலிசிஸ் பிரிவில் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கும் அந்த டெக்னீஷியனுக்கு இந்தப் பார்வை பழகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மார்க் ஷீட்டை நீட்டிவிட்டு அப்பா முகத்தைப் பார்க்கிற பார்வை.

அன்று செவ்வாய்க்கிழமை. நிலக்கடலை விவசாயி ஒருவர் ஏறினார். 58.4 கிலோ. அவருடைய ட்ரை வெயிட் 55. சனிக்கிழமை மெஷினை விட்டு இறங்கும்போது 55-ல் போனவர், மூன்றே நாளில் 3 கிலோ 400 கிராம் ஏறி வந்திருக்கிறார். அது சதை இல்லை; அத்தனையும் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் வார்டில் கிலோவும் லிட்டரும் ஒன்றுதான். கால் வீங்காமல், மூச்சு வாங்காமல், ரத்த அழுத்தம் ஒழுங்காக நிற்கும் எடை எதுவோ அதுதான் ட்ரை வெயிட். அதை எந்தக் கருவியும் சொல்லாது. வாரக்கணக்கில் பார்த்துப் பார்த்து, டாக்டரும் டெக்னீஷியனும் நோயாளியும் சேர்ந்து கண்டுபிடிக்கிற எண் அது.

"எல்லாத்தையும் எடுத்துடு தம்பி. படுத்தா மூச்சு முட்டுது."

"எல்லாத்தையும் இன்னைக்கே எடுக்க முடியாதுங்க. ரெண்டு எட்டு எடுக்கறேன். மிச்சத்தை வியாழக்கிழமை பாத்துக்கலாம்."

இந்த 2.8 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, மணிக்கு 13 மில்லிக்கு மேல் நீரை உருவினால் இதயத்துக்கு ஆபத்து கூடுகிறது என்று டயாலிசிஸ் உலகம் கண்டறிந்திருக்கிறது. 55 கிலோ மனிதருக்கு 4 மணி நேரத்தில் 2,860 மில்லி. அதற்கு மேல் வேண்டுமென்றால் நேரத்தைக் கூட்ட வேண்டும். வேகத்தைக் கூட்டக் கூடாது.

இந்தக் கணக்கை டெக்னீஷியன் புத்தகத்தில் படித்தது பிறகுதான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், வேறொரு ஊரில், 48 கிலோ ட்ரை வெயிட் உள்ள ஒரு அம்மாவுக்கு நாலு மணி நேரத்தில் 4.2 லிட்டர் என்று மெஷினில் போட்டுவிட்டார். அந்த அம்மா கேட்டார், இவர் கொடுத்தார். மூன்றாம் மணி நேரத்தில் அந்த அம்மா கொட்டாவி விட ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. தூக்கம் வருகிறது போல என்று இவர் போர்வையை இழுத்துவிட்டார். டயாலிசிஸில் அடுத்தடுத்து வரும் கொட்டாவி தூக்கத்தின் அறிகுறி இல்லை, ரத்த அழுத்தம் இறங்குவதன் முன்னறிவிப்பு என்பது அப்போது அவருக்குத் தெரியாது. அடுத்த ஐந்து நிமிஷத்தில் கெண்டைக்கால் இரண்டும் குரக்களி பிடித்துக் கல்லாக இறுகின. அழுத்தம் 70-க்கு 40. கட்டிலின் கால்மாட்டைத் தூக்கி, நீர் எடுப்பதை நிறுத்தி, 200 மில்லி செலைனை உள்ளே விட்டபிறகுதான் அந்த அம்மா கண்ணைத் திறந்தார். "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார். அந்தக் குரலை இவர் இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு, நோயாளிகளிடம் இதைச் சொல்ல அவர் கண்டுபிடித்த உவமை கிணறு. மெஷின் தண்ணீரை எடுப்பது ரத்தக் குழாயிலிருந்து மட்டும்தான். காலிலும் நுரையீரலிலும் தேங்கி நிற்கும் நீர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குழாய்க்குள் ஊறி வரும். ஊற்று சுரக்கிற வேகத்துக்கு மேல் மோட்டாரை ஓட்டினால் கிணறு என்ன ஆகும் என்று கேட்பார். தருமபுரிக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நீர்க்கணக்கில் இன்னொரு சிக்கல் மொழியில் இருக்கிறது. ஒரு குடும்பத்தில் கணவருக்கு டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நாலு கிலோ ஏறி வருவார். மனைவி கண் கலங்கிச் சத்தியம் செய்வார்: "ரெண்டு டம்ளர் தண்ணிக்கு மேல குடுக்கறதே இல்லைங்க சார்." மற்றவர்கள் அவர் பொய் சொல்வதாக நினைத்தார்கள். டெக்னீஷியனுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருநாள் பக்கத்தில் உட்கார வைத்து, காலையில் எழுந்ததிலிருந்து வாய்க்குள் போனது என்னென்ன என்று வரிசையாகக் கேட்டார். விடிந்ததும் காபி. பத்து மணிக்கு ஒரு செம்பு ராகிக் கூழ், அதில் மோர். மத்தியானம் களி, குழம்பு, கடைசியில் ரசம் குடிப்பது. சாயந்திரம் டீ. ராத்திரி சோறு, மறுபடி மோர். மாத்திரை விழுங்கத்தான் அந்த இரண்டு டம்ளர் தண்ணீர்.

அந்த அம்மா சொன்னது முழு உண்மை. அவர் பேச்சில் "தண்ணி" என்றால் குடத்திலிருந்து மொள்ளுகிற தண்ணீர். கூழும் மோரும் ரசமும் சாப்பாடு. அவற்றைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்கச் சொல்லி யாரும் அவரிடம் சொன்னதில்லை. சிறுநீர் நின்றுபோனவருக்கு ஒரு நாளுக்கு மொத்தத் திரவம் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர்தான். சிறுநீர் போகிறவருக்கு அது போகும் அளவோடு அரை லிட்டர் கூட. ஒரு செம்புக் கூழ் அதில் முக்கால்வாசியைத் தின்றுவிடும். அன்றிலிருந்து டெக்னீஷியன் "எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?" என்று யாரையும் கேட்பதில்லை. "காலையில என்ன குடிச்சீங்க?" என்று ஆரம்பித்து நாள் முழுக்க நடந்து வருவார்.

உப்புக்கு அவரிடம் ஒரு செய்முறை உண்டு. வார்டில் தொங்கும் ஒரு லிட்டர் செலைன் பாட்டிலில் 9 கிராம் உப்பு இருக்கிறது. நம் ரத்தத்தின் உப்புத்தன்மையும் கிட்டத்தட்ட அதேதான். 9 கிராம் உப்பை ஒரு சின்னப் பொட்டலமாகக் கட்டி மேசை டிராயரில் வைத்திருப்பார். புது நோயாளி வந்தால் பொட்டலத்தை ஒரு கையிலும் பாட்டிலை இன்னொரு கையிலும் கொடுப்பார். "இந்த உப்பு உள்ள போனா, இந்தப் பாட்டில் தண்ணி கூட வந்து சேர்ற வரைக்கும் உங்க உடம்பு தாகத்தை நிறுத்தாது" என்பார். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்பது உலக சுகாதார அமைப்பு எல்லோருக்கும் சொல்கிற அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் உள்ள ஒரு மத்தியானச் சாப்பாட்டிலேயே அது தாண்டிவிடும். தாகத்தை அடக்கு என்று ஒருவரிடம் சொல்வது கொடுமை என்றே இவர் நினைக்கிறார். உப்பைக் குறைத்தால் தாகம் தானாகக் குறையும். வெறும் உத்தரவால் அது குறைவதில்லை.

ஒருநாள் வெயிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டவரும் அதே நிலக்கடலை விவசாயிதான். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வைட்டமின் டி குறைவு என்று வந்திருந்தது. "நாள் பூரா வெயில்ல நிக்கறவன் நானு. எனக்கு எதுக்கு தம்பி வைட்டமின்?"

நியாயமான கேள்வி. அதற்கு உலகத்துக்குப் பதில் கிடைத்ததே 1970-ல்தான். வெயில் பட்டுத் தோலில் உண்டாகும் வைட்டமின் டி அப்படியே வேலை செய்வதில்லை. கல்லீரலில் ஒரு மாற்றம், பிறகு இன்னொரு மாற்றம். அந்த இரண்டாவது மாற்றம் எங்கே நடக்கிறது என்று தேடிய கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் டேவிட் ஃபிரேசரும் எகான் கோடிசெக்கும், சிறுநீரகம் அகற்றப்பட்ட எலிகளால் அதைச் செய்ய முடியவில்லை என்று கண்டார்கள். சிறுநீரகம் கழிவை வடிகட்டும் சல்லடை மட்டும் இல்லை, வைட்டமின் டி-யை முடித்துக் கொடுக்கும் பட்டறையும்கூட என்பது அப்படித்தான் தெரிய வந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹெக்டர் டிலூகாவின் குழு அந்த முடிந்த பொருளின் வேதி அமைப்பைச் சொன்னது. இன்று வார்டில் கொடுக்கப்படும் கால்சிட்ரியால் அதுதான்.

சிறுநீரகம் பழுதானால் வெயிலில் எவ்வளவு நின்றாலும் பட்டறையின் கடைசி மேசையில் வேலை நடக்காது. கால்சிட்ரியால் இல்லாவிட்டால் குடல் சாப்பாட்டிலிருந்து கால்சியத்தை ஒழுங்காக இழுக்காது. இன்னொரு பக்கம், வெளியேற வேண்டிய பாஸ்பரஸ் ரத்தத்தில் தங்குகிறது. அதைத் துரத்த எலும்பே ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது; அந்த ஹார்மோன் மிச்சமிருக்கும் கால்சிட்ரியால் உற்பத்தியையும் குறைத்துவிடுகிறது. ரத்தத்தில் கால்சியம் இறங்குவதைக் கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் கண்டுகொள்கின்றன. அரிசி மணி அளவே உள்ள நாலு சுரப்பிகள் அவை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் மிருகக்காட்சி சாலையில் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன்தான் இந்தச் சுரப்பியை முதலில் குறித்துவைத்தவர். மனித உடலில் அதைக் கண்டு 1880-ல் எழுதியவர் ஸ்வீடன் நாட்டு மருத்துவ மாணவர் இவார் சான்ட்ஸ்டிராம்.

உடம்பில் சுமார் ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பில். எலும்பு என்பது குதிர். கையில் காசில்லாத வீட்டில் குதிரைத் திறந்து தானியத்தை விற்பதுபோல, பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் விடுகிறது. சீட்டில் எண் சரியாகத் தெரியும்: 8.5-க்கும் 10.5-க்கும் நடுவில். குதிர் காலியாகிக்கொண்டிருப்பது அந்த எண்ணில் தெரியாது. எலும்பு வலி, விடாத அரிப்பு, லேசாகத் தடுக்கி விழுந்ததற்கே முறிவு என்று வெளியே வரும்போதுதான் தெரியும். அதனால்தான் கால்சியத்தைத் தனியாகப் பார்க்கக் கூடாது, பாஸ்பரஸையும் பாராதைராய்டு ஹார்மோனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

விவசாயிக்கு டெக்னீஷியன் இதையெல்லாம் குதிர், பட்டறை என்ற இரண்டு சொல்லில் சொன்னார். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அந்தக் குட்டி மாத்திரை, பட்டறையில செஞ்சு முடிச்ச சாமான். அப்படித்தானே?" அப்படியேதான்.

அந்தக் குட்டி மாத்திரையில் இருப்பது 0.25 மைக்ரோகிராம். ஒரு கிராமை 40 லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. மருந்துக் கடையில் சாஷேயாகக் கிடைக்கும் வைட்டமின் டி பொடியில் 60,000 யூனிட், அதாவது ஒன்றரை மில்லிகிராம். முன்னது முடிந்த சாமான், பின்னது கச்சாப் பொருள். வீட்டில் இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான்: "வைட்டமின் டி". இந்தப் பெயர்க் குழப்பம் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரைக் கிட்டத்தட்ட மெஷினில் ஏற்றிவிட்டது.

அவருக்குச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதி பழுது, அதைக் காட்டும் கிரியாட்டினின் 1.9-ல் வருஷக்கணக்காக நின்றது. டயாலிசிஸ் தேவைப்படாத நிலை. ஒருநாள் அவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். வாந்தி, மலச்சிக்கல், பேச்சில் தடுமாற்றம், நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கிரியாட்டினின் 4.6. கழுத்தில் டியூப் போட்டு டயாலிசிஸ் செய்யலாம் என்று ஏற்பாடாகி, டெக்னீஷியன் டிரேயைத் தயார் செய்துகொண்டு போனார். போன இடத்தில் அவருக்கு ஒன்று உறுத்தியது. சிறுநீரகம் திடீரென்று நின்றுபோனவர்கள் வீங்கி வருவார்கள். இவர் காய்ந்து வந்திருந்தார். ராத்திரி ஏழெட்டுத் தடவை சிறுநீர் கழிக்க எழுந்தார் என்று மகள் சொன்னார். டெக்னீஷியன் டாக்டரிடம் இதைச் சொன்னார். டாக்டர் மகளைப் பார்த்து, "வீட்டில் இருக்கிற மருந்துப் பையை அப்படியே கொண்டு வாங்கம்மா" என்றார்.

பையைக் கவிழ்த்தபோது மாத்திரை அட்டைகளோடு காலி சாஷே உறைகளும் கட்டுக்கட்டாக விழுந்தன. எண்ணினார்கள். நாற்பது. மூட்டு வலிக்கு வேறு எங்கோ எழுதிக் கொடுத்தது. வாரம் ஒன்று என்பது மருந்து கொடுத்த இடத்தில் தினம் ஒன்று என்று ஆகியிருந்தது. 40 நாளில் 24 லட்சம் யூனிட். கூடவே தினம் இரண்டு கால்சியம் மாத்திரை. ரத்தத்தில் கால்சியம் 13.2.

கால்சியம் இவ்வளவு ஏறினால் சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைக்கும் திறனை இழக்கிறது. நீர் ஓடிப்போகிறது, உடம்பு வறள்கிறது, வறண்ட உடம்பில் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைகிறது, கிரியாட்டினின் ஏறுகிறது. அன்று அவருக்குத் தேவைப்பட்டது எதிர்த் திசை வைத்தியம். வார்டில் மற்றவர்கள் எல்லோருக்கும் தண்ணீரை உருவிக்கொண்டிருக்க, இவருக்கு மட்டும் செலைன் ஏறியது. சாஷேயும் கால்சியமும் நிறுத்தப்பட்டன. வைட்டமின் டி கொழுப்பில் போய்ப் படிவது என்பதால் கால்சியம் இறங்கி நிலைப்பதற்கு வாரங்கள் பிடித்தன. கிரியாட்டினின் 2.2-ல் வந்து நின்றது. தயார் செய்த டிரேயை டெக்னீஷியன் பிரிக்காமலே திருப்பி எடுத்துக்கொண்டு வந்தார். 19 வருஷத்தில் அவர் மிகவும் சந்தோஷமாகத் திருப்பி எடுத்துவந்த டிரே அது.

கால்சியம் மாத்திரையைப் பற்றி ஒன்று. டயாலிசிஸ் நோயாளிக்குச் சாப்பாட்டோடு கொடுக்கும் கால்சியம் மாத்திரை பல நேரம் எலும்புக்கு அல்ல. சாப்பாட்டில் இருக்கும் பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துக்கட்டி மலத்தோடு அனுப்பத்தான். ஒரு முறை டயாலிசிஸ் செய்தால் வெளியேறும் பாஸ்பரஸ் ஏறத்தாழ ஒரு கிராம்தான். தினச் சாப்பாட்டில் அதை ஒட்டி உள்ளே வந்துவிடும். ஆக, வாசலிலேயே தடுக்கிற வேலை இந்த மாத்திரையுடையது. வெறும் வயிற்றில் போட்டால் பிடிக்க அங்கே பாஸ்பரஸ் இல்லை. கால்சியம் மட்டும் ரத்தத்தில் ஏறி, கட்டுப்படாத பாஸ்பரஸோடு சேர்ந்து ரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பாகப் படியும். "காலையில எழுந்ததும் எல்லா மாத்திரையும் ஒண்ணா போட்டுடுவேன்" என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! சீட்டில் "சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதியிருக்கும். டெக்னீஷியன் அதை அடித்துவிட்டு டாக்டரிடம் கேட்டு "முதல் கவளத்தோடு" என்று எழுதித் தரச் சொல்வார்.

கால்சியம் குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். இருபத்து நாலு வயதுப் பையன், முதல் டயாலிசிஸ். கையில் பி.பி. பட்டையைக் கட்டிக் காற்றடித்து, எண் வரக் காத்திருந்தார். பையனின் கை தானாக மடங்கியது. மணிக்கட்டு உள்ளே வளைந்தது, விரல்கள் நீண்டு ஒன்றோடொன்று ஒட்டின, பெருவிரல் உள்ளங்கைக்குள் போனது. குறுகலான வளையலுக்குள் நுழைய வைப்பதற்குக் கையைக் குவிப்பார்களே, அப்படி. பட்டையைத் தளர்த்தியதும் கை மெல்ல விரிந்தது. பாரிஸ் மருத்துவர் ட்ரூசோ 1861-ல் எழுதிவைத்த அறிகுறி. கால்சியம் 6.1. மெஷினைத் தொடுவதற்கு முன் டாக்டரைக் கூப்பிட்டார். ரத்தத்தில் இருக்கும் அமிலத்தை டயாலிசிஸ் வேகமாக மாற்றும்போது, வேலை செய்யும் நிலையில் உள்ள கால்சியம் இன்னும் இறங்கும். அப்போது வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தப்பலாம். இ.சி.ஜி. ஓட, நரம்பில் கால்சியம் மெதுவாக ஏறியபிறகுதான் டயாலிசிஸ் ஆரம்பித்தது.

வார்டுக்குப் பின்னால் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. அறை. நோயாளிகள் யாரும் அந்தக் கதவைத் தாண்டியதில்லை. ஆனால் அவர்கள் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று அவர் நம்புகிறார். ஒரு டயாலிசிஸில் நிமிஷத்துக்கு அரை லிட்டர் என்று 4 மணி நேரத்தில் 120 லிட்டர் தண்ணீர் நோயாளியின் ரத்தத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மெல்லிய சவ்வை உரசிக்கொண்டு ஓடுகிறது. குடிக்கிற தண்ணீருக்குக் குடலாவது காவல். இதற்கு அந்தச் சவ்வு மட்டும்தான். கால்சியம் அதைச் சுலபமாகத் தாண்டும். தருமபுரி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். ஃப்ளோரைடு தொல்லையும் சேர்ந்து, 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரியைக் கொண்டுவந்ததே அதனால்தான். 1993-ல் சிகாகோவில் தண்ணீர் சுத்திகரிப்பு தவறியதால் ஃப்ளோரைடு ஏறி மூன்று டயாலிசிஸ் நோயாளிகள் இறந்திருக்கிறார்கள்.

முன்பு வேலை பார்த்த இடமொன்றில், ஒரு காலை ஷிஃப்டில், இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று பேர் ஒன்றன்பின் ஒன்றாக வாந்தி எடுத்தார்கள். மூவருக்கும் தலைவலி, உடம்பு எரிச்சல், அழுத்தம் இறங்குவதற்குப் பதில் ஏறியது. ஒருவருக்கு என்றால் இட்லி சேரவில்லை என்று விடலாம். மூவருக்கும் பொதுவாக இருப்பது தண்ணீர்தான். எல்லா மெஷினையும் நிறுத்தச் சொல்லிவிட்டு ஆர்.ஓ. அறைக்கு ஓடினார். தண்ணீரின் கடினத்தை நீக்கும் சாஃப்ட்னருக்கு உப்பு போட்டு நாளாகியிருந்தது, ஆர்.ஓ. சவ்வும் பழுதாகிக் கடின நீர் நேராக வந்துகொண்டிருந்தது. அமெரிக்க மருத்துவர்கள் 1967-லேயே இதைக் 'கடின நீர் நோய்க்குறி' என்று விவரித்திருந்தார்கள். நோயாளிகளின் கால்சியம் மூவருக்கும் 12-க்கு மேல். மூவரும் பிழைத்தார்கள்.

அதிலிருந்து ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன் தண்ணீரை அவரே சோதிக்கிறார். சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர், இரண்டு சொட்டு மருந்து. கடினம் இருந்தால் நாவல்பழச் சாறு கலந்ததுபோலச் சிவக்கும். இல்லையென்றால் தெளிந்த நீலம். நீலம் வந்து, குளோரின் சோதனையும் முடிந்து, தேதி நேரத்தோடு நோட்டில் எழுதினால்தான் முதல் ஊசி. அவசரம் என்று யார் சொன்னாலும் இதில் அவர் விட்டுக்கொடுத்ததில்லை.

ஆனால் அவரை மிகவும் யோசிக்கவைத்தது அறுபத்திரண்டு வயதுப் பாட்டியம்மா ஒருவரின் கால்சியம்தான். மூன்று வருஷமாக டயாலிசிஸ். கால்சியம் 11.4. டாக்டர் கால்சியம் மாத்திரையை நிறுத்தினார்; கால்சியம் இல்லாத வேறு பாஸ்பரஸ் மருந்து கொடுத்தார். அடுத்த மாதமும் 11.2. கால்சிட்ரியாலை நிறுத்தினார். 11.3. பாராதைராய்டு ஹார்மோன் மிகக் குறைவாக இருந்தது, ஆக சுரப்பி குற்றவாளி இல்லை. காசநோய்க் கட்டிகள் சிறுநீரகம் இல்லாமலே கால்சிட்ரியாலைத் தயாரிக்கும் என்பதால் நெஞ்சுக்கு ஸ்கேன். ஒன்றுமில்லை. எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கான பரிசோதனை. அதுவும் இல்லை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் மகன் கடன் வாங்கிக்கொண்டு வந்தார். டயாலிசிஸ் திரவத்தில் கால்சியம் குறைந்ததைப் போட்டார்கள். மெஷினில் இருக்கும்போது இறங்கும். இரண்டு நாளில் திரும்ப ஏறும். எங்கிருந்தோ கால்சியம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, டயாலிசிஸுக்காக இடது கையில் அமைத்த ஃபிஸ்டுலாவில் ஊசி குத்த அவர் குனிந்தார். பாட்டியம்மா வலது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆட்காட்டி விரல் நுனியில், நகத்துக்கும் சதைக்கும் நடுவில், வெள்ளையாக ஒரு கோடு. ஊசியை ஒட்டி முடித்தார். மெஷினை ஓடவிட்டார். பிறகு கேட்டார்.

"வெத்தலை போடுவீங்களா, அம்மா?"

"அது இல்லாம எப்படிப்பா? தண்ணி குடிக்காதேன்னு சொல்லிட்டீங்க. வாய் காயுது. வெத்தலை போட்டா ஈரமா இருக்குது."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

அவர் பதில் சொல்லாமல் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தார். நாலைந்து வெற்றிலை, பாக்கு, மூடி பளபளத்த ஒரு சின்னச் சுண்ணாம்பு டப்பா. "இது மூணு நாளைக்கு வரும்" என்றார்.

சுண்ணாம்பு முழுக்கக் கால்சியம்தான். சிப்பிச் சுண்ணாம்போடு பாக்கு மெல்கிறவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறுவதைத் தைவான் மருத்துவர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். மூன்று வருஷமாகப் பாட்டியம்மாவிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்டார்கள், பாலைப் பற்றிக் கேட்டார்கள், நாட்டு மருந்து பற்றிக்கூடக் கேட்டார்கள். வெற்றிலை அவருக்கு மருந்தும் இல்லை, சாப்பாடும் இல்லை. அதனால் எந்தக் கேள்விக்கும் அது பதிலாக வரவில்லை. தாகத்தை அடக்கச் சொன்னது வார்டு. அந்தத் தாகத்துக்கு அவர் கண்டுபிடித்த வழிதான் கால்சியத்தை ஏற்றியது. நீரும் சுண்ணாம்பும் ஒரே நூலில் கட்டியிருந்ததை அன்றுதான் டெக்னீஷியன் முழுதாகப் பார்த்தார். டாக்டரிடம் போய்ச் சொன்னபோது, அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

பல வருஷப் பழக்கத்தை ஒரே நாளில் விடச் சொல்ல யாருக்கும் மனமில்லை. ஆனால் விடத்தான் வேண்டியிருந்தது. பாக்கும் வாய்க்கு நல்லதில்லை என்று எடுத்துச் சொன்னார்கள். வாய் காய்ந்தால் எலுமிச்சைத் துண்டை நாக்கில் வைத்துக்கொள்ளவும், ஐஸ்கட்டி ஒன்றை வாயில் அடக்கி அதையும் நீர்க்கணக்கில் எழுதவும் மருமகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ரசத்திலும் குழம்பிலும் உப்பைப் பாதியாக்கினார்கள். ஆறு வாரத்தில் கால்சியம் 9.8. அந்தச் சுண்ணாம்பு டப்பாவைப் பாட்டியம்மா டெக்னீஷியனிடமே கொடுத்துவிட்டார். உப்புப் பொட்டலத்துக்குப் பக்கத்தில், அதே டிராயரில் இருக்கிறது. புது நோயாளிகளிடம் பேசும்போது இரண்டையும் சேர்த்தே எடுத்து வைக்கிறார்.

வியாழக்கிழமை நிலக்கடலை விவசாயி மறுபடி வந்தார். துண்டை எடுத்தார், சில்லறையை மேசையில் வைத்தார், ஏறினார். 57.1. செவ்வாயன்று விட்டுவைத்த அறுநூறு மில்லியைக் கழித்தால் இந்த இரண்டு நாளில் ஏறியது ஒன்றரை லிட்டர்தான்.

"காலையில என்ன குடிச்சீங்க?"

"அரைச் செம்பு கூழு. மோர் ஊத்தல. உப்பும் போடல."

"மாத்திரை?"

"முதல் கவளத்தோட."

டெக்னீஷியன் நோட்டில் எழுதிக்கொண்டு, மெஷினில் 2.1 என்று போட்டார்.